பாடசாலைத் தளங்களை அழிக்கும் முன் அந்தச் சின்ன வரியை வாசியுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மையில் பெற்றார் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை வாசித்தேன். தோட்டப் பாடசாலைகளுக்கு இணையத்தளம் எதற்கு, வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, செத்துப்போன தளங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தக் காசில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆசையாகத் திறப்புவிழா வைத்த தளங்கள் ஒவ்வொன்றாக மூடிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவை செத்துவிட்டன என்று அவருக்குச் சொன்னது யார்? எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். நம்பியதால் ஒரு பாடசாலையின் தளத்தை உண்மையாகவே இழந்தோம். அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில் பிறந்து, இப்போது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் 16 வருடங்களாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது எங்கள் பிள்ளைகள் பட்ட பாட்டை மலையகத்தில் இருந்த எல்லோரும் அறிவார்கள். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பா கொழும்பில் வேலைக்குப் போயிருந்தால் அவரோடு போய்விடும். சிக்னலுக்காகப் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வினாத்தாள் மறுநாள் போன் நிறைந்ததும் அழிக்கப்பட்டது. இதைப் பார்த்த வெளிநாட்டு உதவி அமைப்பொன்று 2021 இல் எங்கள் பகுதியின் ஒன்பது பாடசாலைகளுக்கு இணையத்தளம் அமைத்துத் தந்தது. எப்போது வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று எங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

ஒன்பது பாடசாலைக்கும் ஒன்பது தனித்தனி ஏற்பாடு செய்யவில்லை. இணையத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் மல்டிசைட் என்று ஒரு வசதி உண்டு. 2010 ஜூனில் வந்த அதன் 3.0 பதிப்பிலிருந்து ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தலாம். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு லயத்தைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. ஒரே அத்திவாரம், ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம், தனிக் கதவு, தனி அடுப்பு. முதலாம் இலக்கம் எல்லோருக்கும் பொதுவான அறிவித்தல் தளம். இரண்டு முதல் பத்து வரை பாடசாலைகள். ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் பொது. ஒவ்வொரு பாடசாலையின் கட்டுரைகளும் படங்களும் அதனதன் இலக்கம் போட்ட அட்டவணையிலும் கோப்புறையிலும் தனியாக இருக்கும். செலவு குறைவு, ஒருமுறை புதுப்பித்தால் ஒன்பதுக்கும் ஆயிற்று. ஆனால் கூரை ஒழுகினால் எல்லாக் காம்பராவும் நனையும்.

அவற்றுக்குள் என்ன இருந்தது என்பதை அந்தப் பெற்றார் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், சாதாரண தரக் கணித விளக்கங்கள், விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாம் இருந்தன. அவை எங்காவது மீண்டும் கிடைக்கும். கிடைக்காதது வேறொன்று. 2023 இல், 1823 முதல் கணக்கிட்டு, நம் மக்கள் இந்த மலைக்கு வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்த அந்த வருடத்தில், ஒன்பது பாடசாலைப் பிள்ளைகளும் தத்தம் லயத்து மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேச்சைப் போனில் பதிவு செய்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போனதை, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடப் பிறந்தவர்கள் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போனதை, அனுபவித்தவர்கள் வாயாலேயே சொல்லிவைத்தார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று நாம் சொல்கிறோமே, அதில் தங்கையை ஏற்றிவிட்ட ஒரு பாட்டி, "பொட்டியப் புடிச்சுக்கிட்டே ஓடுனேன் சாமி, பிளாட்பாரம் முடிஞ்சிருச்சு" என்கிறார். அதன்பின் பதிவில் பேச்சே இல்லை. பின்னால் ஒரு சேவல் கூவுவது மட்டும் கேட்கும். அந்தப் பாட்டி இன்று இல்லை. பதிவு செய்த பிள்ளையின் போனும் எப்போதோ உடைந்துபோயிற்று. தளத்தில் இருந்ததுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பிரதி.

இனி, உடைந்த கதை.

உதவி அமைப்பு முதல் மூன்று வருடச் செலவைக் கட்டிவிட்டு விலகிக்கொண்டது. சர்வர், அதாவது தளத்தின் கோப்புகள் தங்கும் கணினி, அதன் இடத்துக்கான பணத்தைப் பழைய மாணவர்கள் சேர்த்துக் கட்டினார்கள். டொமைன், அதாவது தளத்தின் பெயர், வேறொரு கணக்கில் இருந்தது எங்களில் எவருக்கும் தெரியாது. அதை முதலில் பதிவு செய்த தம்பி தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். அவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டியிலேயே விழுந்தன. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், எங்களிடம் அவர் ஒப்படைக்கும்படி யாரும் கேட்கவில்லை. தவணை முடிந்து, பெயர் கைவிட்டுப் போய், வேறு யாரோ அதை வாங்கி விளம்பரப் பக்கம் போட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

புதுப் பெயர் ஒன்றை வாங்கினோம். பழைய சர்வரோடு அதைத் தொடுத்தோம். புதுப் பெயரைத் தட்டினால் பிரவுசர் ஓடிப்போய்ப் பழைய பெயரின் விளம்பரப் பக்கத்தில் நின்றது. வெளியூரிலிருந்து தொழில்நுட்பவியலாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் கொன்பிக் கோப்பைத் திறந்து, வலையமைப்பின், அதாவது பத்துத் தளங்களும் சேர்ந்த தொகுதியின், பெயரைச் சொல்லும் வரியில் பழையதை அழித்துப் புதியதைப் போட்டார். உடனே ஒன்பது பாடசாலையும் பொதுத் தளமும் சேர்த்துப் பத்துத் தளங்களிலும் வெள்ளைப் பக்கத்தில் ஒரே வாசகம் வந்தது: டேட்டாபேஸுடன் இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை. டேட்டாபேஸ் என்பது தளத்தின் எழுத்தெல்லாம் அட்டவணைகளாகச் சேமிக்கப்படும் இடம்.

"மிஸ், டேட்டாபேஸ் போயிருச்சு. உள்ள ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

பிறகு ஏதேதோ செய்து பொதுத் தளத்தை மட்டும் திறக்க வைத்தார். பாடசாலைத் தளங்கள் ஒன்பதும் 'பக்கம் இல்லை' என்றன. பரீட்சித்துப் பார்ப்பதாகச் சொல்லி ஒரு பாடசாலையின் தளத்தை நிர்வாகப் பக்கத்தில் அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கினார். அது திறந்தது. வெறுமையாக, புதுத் தளங்களில் தானாக வரும் ஒரு வாழ்த்து வரியோடு திறந்தது. "பார்த்தீங்களா, இப்படித்தான் ஒன்பதையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்" என்று பாடசாலைக்கு 45,000 ரூபாய் கேட்டார். அதிபர்கள் கூடிப் பேசினார்கள். பாதிப் பேர் சம்மதம் என்றார்கள், மீதிப் பேர் அந்தக் காசுக்கு எங்கே போவது என்றார்கள். கூட்டம் முடிந்து படி இறங்கும்போது எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஒரு தாய், கொழுந்துக்குப் போய்விட்டு நேரே வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எங்க அம்மா பேசுனதும் போயிருச்சா?" என்று கேட்டார். நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். மல்டிசைட்டைப் பற்றி எனக்கு அன்று அவ்வளவாகத் தெரியாது.

அந்த வாரத்தில் எனக்குக் கைகொடுத்தது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் போனிலிருந்த ஸ்கிரீன்ஷொட். தளம் விழுந்த அன்று அவன் முகப்பை மட்டும் பார்க்கவில்லை. நிர்வாகிகள் நுழையும் முகவரியையும் தட்டிப் பார்த்துப் படம் எடுத்து வைத்திருந்தான். முகப்பில் அந்த ஒற்றை வாசகம்தான் வரும். நிர்வாக முகவரியில் அதே தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் சில வரிகள் வரும். அவற்றில் ஒன்றை நான் தமிழில் சொல்கிறேன்: 'இந்தத் தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பெயருள்ள டேட்டாபேஸில், இந்த அட்டவணையில் தேடினேன். அது சரிதானா?'

இரவு எட்டு மணிக்குக் கணினி அறையில் உட்கார்ந்து அதை நான்கைந்து தடவை வாசித்தேன். வெளியில் மழை. தேடினேன் என்கிறது. டேட்டாபேஸே இல்லையென்றால் எதற்குள் போய்த் தேடியது? உள்ளே போயிருக்கிறது, அட்டவணையைத் திறந்திருக்கிறது, தான் தேடி வந்த பெயரை அங்கே காணவில்லை என்று வந்து சொல்கிறது. தலைப்பு வேறொன்றைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்திவிட்டது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது துண்டில் ஒரு பெயரும் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் வேறு பெயரும் இருந்தால் ஆள் நின்றுகொண்டிருந்தும் இல்லை என்று ஆகிவிடுமே, அது போலத்தான்.

சர்வரின் நிர்வாகப் பக்கம் வழியாக டேட்டாபேஸைத் திறந்தேன். எந்தத் திருத்தமும் செய்யும் முன் முழுவதையும் ஏற்றுமதி செய்து இரண்டு பென் ட்ரைவில் போட்டேன், படக் கோப்புறைகளையும் சேர்த்து. எங்கள் இணைய வேகத்தில் அதற்கே இரண்டு இரவு போயிற்று. பிறகுதான் தளங்களின் பதிவேடான அந்த அட்டவணையைப் பார்த்தேன். பத்து வரிகள். முதலாம் இலக்கத்துக்கு நேரே புதுப் பெயர். கடைசியில் பதினொன்றாம் இலக்கத்துக்கு நேரே புதுப் பெயர், அது அவர் உருவாக்கிய வெறுந்தளம். நடுவில் எட்டு வரிகளுக்கும் பழைய பெயர்தான் இருந்தது. அவற்றை யாரும் தொடவே இல்லை. எட்டுப் பாடசாலையின் கட்டுரைகளும் வினாத்தாள்களும் குரல்களும் இலக்கம் போட்ட தங்கள் அட்டவணைகளில் அப்படியே இருந்தன.

இலக்கங்களை விரலால் எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு.

ஐந்து இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எட்டையும் எப்படி மீட்டேன் என்பதை, இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். தனித் தளமாக இருந்தால் முகவரியை அதன் அமைப்புப் பக்கத்திலேயே மாற்றிவிடலாம். மல்டிசைட்டில் பெயர் ஐந்தாறு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். கொன்பிக் கோப்பில் ஒன்று, தளங்களின் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் ஒன்று, வலையமைப்பின் பதிவேட்டில் ஒன்று, வலையமைப்பின் விவர அட்டவணையில் ஒன்று, பிறகு ஒவ்வொரு பாடசாலையின் அமைப்பு அட்டவணையிலும் தளமுகவரி, முகப்புமுகவரி என்று இரண்டிரண்டு. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை காட்டும். எங்களிடம் நடந்ததும் அதுவே. கொன்பிக்கில் பழைய பெயர் இருந்தபோது பழைய முகவரிக்கு ஓடியது. கொன்பிக்கை மட்டும் மாற்றியபோது டேட்டாபேஸ் பிழை. முதலாம் வரியையும் மாற்றியபோது பொதுத் தளம் திறந்து மற்றவை 'பக்கம் இல்லை'. மூன்றும் ஒரே கோளாறு.

எல்லா இடத்திலும் பெயரைச் சரிசெய்ததும் தளங்கள் திறந்தன. முதலில் திறந்தது எங்கள் பாடசாலையின் தளம். படங்கள் பாதி தெரியவில்லை, அவற்றின் முகவரி கட்டுரைகளுக்குள் பழைய பெயரிலேயே இருந்தது. ஆனாலும் விளையாட்டுப் போட்டி அறிவித்தல் அப்படியே வந்து நின்றதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

அந்தக் கட்டுரைகளுக்குள் இருக்கும் பெயரை மாற்றுவதில்தான் பலர் தவறி விழுகிறார்கள். டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்கி, சாதாரண எழுத்துச் செயலியில் 'கண்டுபிடித்து மாற்று' கொடுத்தால் போதும் என்று தோன்றும். நான் அதைப் பாடசாலைக் கணினியில் ஒரு பிரதியை வைத்துச் செய்து பார்த்தேன். கட்டுரைகள் சரியாக வந்தன. ஆனால் பக்கத்தின் அடியில் இருக்க வேண்டிய அதிபர் செய்தி, தொடர்பு விபரம், பக்கவாட்டுப் பட்டி எல்லாம் மறைந்துபோயின. காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் அப்படியான அமைப்புகளைச் சேமிக்கும்போது சொல்லை மட்டும் எழுதுவதில்லை. அதற்கு முன்னால் அந்தச் சொல்லின் நீளத்தையும் பைட் கணக்கில் எழுதிவைக்கும். எங்கள் பழைய முகவரி 27, புதியது 24. சொல்லை மாற்றிவிட்டு முன்னால் இருக்கும் 27 ஐ விட்டுவைத்தால், அது 27 வரை எண்ணப் போய், கணக்குப் பிழைத்து, முழுத் தொகுதியையும் தள்ளிவிடும். இதை வகுப்பில் பிள்ளைகளுக்கு 'அம்மா' என்ற சொல்லை வைத்துக் காட்டினேன். எழுதினால் மூன்று எழுத்து. யூனிகோட்டில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து. கணினி மூன்றை எண்ணுவதில்லை, பதினைந்தைத்தான் எண்ணுகிறது. பிள்ளைகள் கண் விரியப் பார்த்தார்கள். நீளத்தையும் சேர்த்துத் திருத்தும் கருவி வேர்ட்பிரஸின் கட்டளைவரி மென்பொருளிலேயே இருக்கிறது. வலையமைப்பு முழுவதற்கும் என்று அதனிடம் சொல்ல வேண்டும். முதலில் ஒத்திகையாக ஓடவிட்டு எத்தனை இடம் மாறும் என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, பிறகு உண்மையாக ஓடவிட வேண்டும்.

வேறு சில சில்லறைக் கோளாறுகளும் வந்தன. கிளைத் தளங்களின் நிர்வாகப் பக்கம் திறக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றியது. எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பில் யாரோ தனித் தளத்துக்குரிய விதிகளைப் போட்டிருந்தார்கள், மல்டிசைட்டுக்குரியதைப் போட்டதும் சரியாயிற்று. ஓர் அதிபருக்கு உள்ளே போக முடிந்தும் எழுத முடியவில்லை. அவர் பெயர் பொதுப் பட்டியலில் இருந்தது, அந்தத் தளத்தில் மட்டும் அவருக்குப் பொறுப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை.

இன்னொன்றைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வருடக்கணக்காக ஆசிரியர்கள் இதற்காகச் சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் செய்த வினாத்தாள்கள் ஏறவே மாட்டா. மல்டிசைட்டில் ஒரு கோப்பின் அளவு 1500 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது என்று ஆரம்பத்திலேயே ஓர் எல்லை போட்டிருக்கும். அதை வலையமைப்பின் அமைப்புப் பக்கத்தில் சுப்பர் அட்மின், அதாவது எல்லாத் தளங்களுக்கும் பொறுப்பான நிர்வாகி, மட்டுமே மாற்ற முடியும். எங்களுக்கு யார் சுப்பர் அட்மின் என்றே தெரியாது. நான்கு மெகாபைட் வினாத்தாளை வைத்துக்கொண்டு நோர்வூட் வரை பஸ் ஏறிப் போய் முயன்ற ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். மாற்ற வேண்டியிருந்தது ஓர் எண்ணை.

தமிழில் தலைப்பு வைக்கும் நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். ஆகவே இருபத்திரண்டு குறியளவில் முகவரி அறுந்துவிடும். 'புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி வினாத்தாள்' என்று தலைப்பிட்டால் 'மாதிரி'யின் முதல் குறியோடு நின்றுவிடும். அப்படித் தலைப்பிட்ட தாள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, கடைசியில் 2, 3, 4 என்று எண் மட்டும். எது எந்த ஆண்டுத் தாள் என்று இணைப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முகவரியைச் சுருக்கமாக நாமே கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது ஐந்துக்கு வருகிறேன்.

வலையமைப்பின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் நேரே சில கட்டளைகள் இருக்கும். முடக்கு என்றால் தளம் மறையும், உள்ளே இருப்பது இருக்கும். காப்பகத்தில் வை என்றாலும் அப்படியே. அழி என்றால் அந்த இலக்கத்துக்குரிய அட்டவணைகள் அத்தனையும் நீக்கப்படும், கோப்புறையில் இருக்கும் படமும் ஒலியும் அதோடு போகும். குப்பைத்தொட்டி கிடையாது, மீட்டெடுக்கும் பொத்தான் கிடையாது. 'பரீட்சித்துப் பார்க்க' அழித்தது ஐந்தாம் இலக்கத்தை. நான் சர்வர் நிறுவனத்திடம் பழைய பிரதி கேட்டேன். கடைசி ஏழு நாள் பிரதிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். அழித்து அன்றைக்கு பன்னிரண்டு நாள். ஐந்தாம் இலக்கத்தின் கோப்புறைக்குள் தேடினேன், ஒன்றுமில்லை. அந்த ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் மற்ற எட்டோடு அதுவும் ஒரே இரவில் திரும்பி வந்திருக்கும்.

கோச்சிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிய அந்தப் பாட்டியின் குரல் ஐந்தாம் இலக்கத்தில்தான் இருந்தது. படிக்கட்டில் என் கையைப் பிடித்துக் கேட்டது அவருடைய மகள். பேரப்பிள்ளை அந்தப் பாடசாலையில் படித்துவிட்டு எங்கள் பாடசாலைக்கு வந்தவள். நான் அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். "மத்த புள்ளைங்களோடது வந்திருச்சுல்ல டீச்சர்" என்றார்.

அதனால் ஐயா, தங்கள் பத்திரிகையின் மூலம் சிலரிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன்.

உதவி அமைப்புகளே, தளம் அமைத்துத் தருவது பெரிய உதவி. ஆனால் திறப்புவிழாவில் நாடாவை வெட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டொமைனையும் சர்வர் கணக்கையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள், தனிமனிதரின் மின்னஞ்சலில் வேண்டாம். சுப்பர் அட்மின் பொறுப்பை அந்த ஊரில் இருக்கும் இருவருக்காவது கொடுங்கள், ஒருவர் இடமாற்றம் பெற்றாலும் மற்றவர் இருப்பார். எது எங்கே இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கையில் கொடுங்கள். கல்விப் பணிமனைகள், இப்படியான தளம் இருக்கும் பாடசாலைகளில் அந்த விபரத்தைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிந்து, அதிபர் மாறும்போது தளபாடக் கணக்கோடு சேர்த்து ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். கதிரை மேசைக்குக் கணக்குக் கேட்கிறோம். இதற்கும் கேட்போம்.

தளம் விழுந்து கிடக்கும் பாடசாலைகளின் அதிபர்களே, புதிதாகப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், அழிக்கும் முன் டேட்டாபேஸின் பிரதியையும் கோப்புறையின் பிரதியையும் கையில் கேட்டு வாங்குங்கள். நிர்வாக முகவரியைத் திறந்து தலைப்புக்குக் கீழே இருக்கும் சின்ன வரியை யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் தெரியாவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கத் தயார். காசு வேண்டாம், பஸ் இருந்தால் போதும்.

அந்தப் பெற்றாருக்கும் ஒன்று. கொப்பி வாங்கக் காசு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வாட்ஸ்அப் குழு போதும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. அந்தப் பாட்டியின் குரலை இன்று எந்தக் குழுவில் போய்த் தேடுவது?

தேடத்தான் வேண்டும், அதனால் கடைசியாக வாசகர்களிடம் கேட்கிறேன். 2023 இல் எங்கள் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகள் மூத்தவர்களிடம் பதிவு செய்த பேச்சுக்கள் அந்த நேரத்தில் பலருக்கும் பகிரப்பட்டன. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அவற்றை இறக்கி வைத்திருக்கக்கூடும். பழைய போன், மெமரி கார்ட், மின்னஞ்சல், எதிலாவது ஒன்று இருக்கலாம். ஹட்டன் ஸ்டேஷனில் தங்கையை ஏற்றிவிட்ட பாட்டியின் பேச்சு ஏழு நிமிடம் வரும், முடிவில் சேவல் கூவும். அதுவோ, வேறெதுவோ உங்களிடம் இருந்தால் தயவுசெய்து இந்தப் பத்திரிகையின் பணிமனைக்கு அனுப்புங்கள். என் முகவரியை ஆசிரியரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன், எனக்கு வந்து சேரும். ஐந்தாம் இலக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பாடசாலைக்கு இப்போது பதினொன்றாம் இலக்கம், கோப்புறை திறந்தே வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.